இடுப்பில் துண்டு

நவம்பர் 3, திங்கள்

புறா பறந்ததைக் காலண்டர் கட்டத்தில் எழுதுவது அவர் வழக்கம். எனக்கு அந்தக் கட்டம் போதாது. வாய் நீளம் என்று அவரே சொல்வார், கையும் நீளம்தான் போல. மருந்துக்கடைக்காரர் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. அதில் எழுதுகிறேன்.

"தினம் எய்தி வைம்மே. யாரு எவ்ளோ நேரம் நின்னான், யாரு நல்லா கர்ணம் போட்டான், அல்லாத்தையும் வந்து படிப்பேன்" என்று மூக்கில் குழாயோடு சொல்லியிருக்கிறார்.

அவர் என்றால் துளசிங்கம், என் வீட்டுக்காரர். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். இப்போது ஆஸ்பத்திரியில் நெஞ்சு வார்டு, மூன்றாம் மாடி, ஜன்னலோரக் கட்டில். அந்த ஜன்னல் கிடைத்ததுதான் இந்த வருஷத்தில் எங்களுக்கு நடந்த ஒரே நல்லது. அங்கிருந்து பார்த்தால் ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் எங்கள் தெருவுக்கு மேலே இருக்கும் வானம் தெரிகிறது.

காலையில் ஆப்பக்கடையை ஏறக்கட்டிவிட்டு மாடிக்குப் போய்க் கூண்டைத் திறப்பேன். மூங்கில் கழியில் கட்டிய கறுப்புத் துணியை ஆட்டினால் கூட்டம் மேலே போகும். அந்த நேரத்துக்கு அங்கே தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். நிறம் தெரியாதாம், வெறும் புள்ளிகள்தான். ஆனால் எங்களுடையது கர்ணப் புறா. பறந்துகொண்டே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்கும் ஜாதி. ஒரு புள்ளி திடீரென்று சுருண்டு விழுந்து மறுபடி எழும்பினால், "தோ, என் வெள்ளையன்" என்று வார்டுக்கே காட்டுவாராம். நர்சம்மா சொல்லிச் சிரித்தாள்.

"அதுங்க மேல சுத்துற வரைக்கும் எனக்கு ஒண்ணியும் ஆவாது பவுனு" என்றார் இன்று. பைத்தியக்காரப் பேச்சு. ஆனாலும் சொன்னது சொன்னதுதான், எனக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கஞ்சி ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தார்.

நவம்பர் 6, வியாழன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரிக்கு நின்று இரண்டு குடம் பிடிப்பதற்குள் பக்கத்து வீட்டு ரமணியம்மாவோடு ஒரு சண்டை. அதில் பாதி புறாவுக்கு. மனுஷி குளிக்கத் தண்ணீர் இல்லை, இதுகளுக்குத் தொட்டியில் குளியல்.

கூண்டைக் கழுவும்போதுதான் கவனித்தேன். ஆடி ஆவணியில் பொரித்த குஞ்சுகளில் சிலது வேறு மாதிரி வளர்ந்து நிற்கின்றன. உடம்பெல்லாம் சாம்பல். வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே மட்டும் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை. உட்கார்ந்தால் இறக்கை மறைத்துவிடும். பறந்தால் பின்னாலிருந்து பளிச்சென்று தெரியும். ஸ்டேஷன் கூரையில் திரிகிற மாடப்புறா எதனோடோ நம் பெட்டை ஊர் சுற்றியிருக்கிறது.

அவர் வீட்டில் இருந்திருந்தால் இதுகள் இங்கே இருக்காது. இறகு முளைத்துப் பட்டை தெரிந்த அன்றே பிடித்துக்கொண்டு போய்ச் சந்தையில் தள்ளிவிடுவார். "இடுப்புல துண்டு கட்டுனது நம்ம மாடில நிக்கக் கூடாது" என்பார். விளையாட்டுக்குச் சொல்வதில்லை, முகமே மாறிவிடும். கல்யாணமான நாளிலிருந்து அவர் துண்டு தோளில் தவிர வேறெங்கும் இருந்து நான் பார்த்ததில்லை. அது அவங்கப்பன் கதை. கேட்டால் எரிந்து விழுவார், நான் கேட்பதில்லை.

ஜூலையிலிருந்து அவர் இருமிக்கொண்டு கிடந்ததில் களையெடுக்க ஆளில்லை. ஐந்தாறு துண்டுக்காரன்கள் மாடியில் திமிராக உலாத்துகின்றன. சந்தைக்குப் போக எனக்கு எங்கே நேரம்? கிடக்கட்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

வெள்ளைக் கூட்டத்தில் ஒன்று போய்விட்டது.

நன்றாகத்தான் மேலே நின்றன. ஒரு வெள்ளை கர்ணம் போட்டு எழும்பிக் கூட்டத்தோடு சேரப் போனது. மேலேயிருந்து ஒரு கல் விழுந்தது. கல் என்றுதான் நினைத்தேன். விழுந்த கல் புறாவைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனது. வெகுநேரம் கழித்து இறகுகள் மட்டும் ஆடி ஆடி மாடிக்கு வந்தன.

பின்தெரு நிஜாம் பாய் ஓடி வந்தார். அவரும் முப்பது வருஷமாகப் புறா விடுகிறவர், இவருக்குக் கூட்டாளி.

"பைரி வந்துட்சி தங்கச்சி. பனிக்கு எங்கேருந்தோ வரும், பங்குனில பூடும். தோ பாரு, செல்போன் டவர் மேல."

பார்த்தேன். வல்லூறு ஜாதி. காக்காயைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அங்கே உட்கார்ந்து நம் வெள்ளையை உரித்துக்கொண்டிருந்தது.

"நான் பங்குனி வரிக்கும் கூண்ட தொறக்க மாட்டேன். நீயும் தொறக்காத" என்றார்.

பாய்க்கென்ன, சொல்லிவிட்டார். அவரை ஜன்னலிலிருந்து யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

சாயங்காலம் இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. "இன்னிக்கு வெள்ளையன் சூப்பரா போட்டான் இல்ல?" என்றார். ஆமாம் என்றேன்.

நவம்பர் 19, புதன்

மழை மூன்று நாள். புயல் என்று சொல்லி அது வேறெங்கோ போய்விட்டது. கூண்டு மூடியே இருந்தது, எனக்கு நிம்மதி. ஆஸ்பத்திரியில் மழையைச் சாக்குச் சொன்னேன்.

இன்று வெயில் அடித்தது. திறக்கவில்லை.

நான்கு மணிக்குப் போனால் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். கஞ்சி அப்படியே ஆடை கட்டிக் கிடக்கிறது.

"வெயில் அடிச்சிது பவுனு."

"கூண்டு ஈரமா இருந்துச்சுய்யா."

"நான் காலைலேந்து ஒக்காந்து ஒக்காந்து பாத்தேன்."

அவ்வளவுதான் பேசினார். மெஷினில் ஆக்சிஜன் எண் காலையிலிருந்து இறங்கிக்கொண்டே வருகிறது என்று நர்சம்மா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். நாளைக்குத் திறந்துவிடுவேன். வேறென்ன செய்யச் சொல்கிறாய், கடவுளே?

நவம்பர் 20, வியாழன்

திறந்தேன். கர்ணம் போட்டார்கள். அவர் கஞ்சி குடித்தார், அரை டம்ளர். ஒரு வெள்ளை போச்சு.

நவம்பர் 25, செவ்வாய்

உளுந்து ஊறப்போட்டேன். பால்காரருக்குச் சொல்லியாயிற்று. காஸ் வரவில்லை.

நன்றாகக் கர்ணம் போடுகிறவன் எவனோ அவனைத்தான் அது பிடிக்கிறது. சுருண்டு விழுந்து எழும்பும்போது கூட்டத்திலிருந்து பிரிந்து தனியாக நிற்கிறான் இல்லையா, அந்த நேரம் பார்த்து வருகிறது. இவர் பாடுபட்டு ஜோடி சேர்த்து, நல்லாப் போடுகிறவனுக்கு நல்லாப் போடுகிறவளாகப் பார்த்துப் பார்த்துக் கட்டிவைத்த கூட்டம். இத்தனை வருஷ உழைப்பை அந்தச் சனியன் ரகம் பிரித்துத் தின்கிறது.

பக்கத்துக் கட்டில் காலி. அந்த ஆள் எங்கே என்று இவர் கேட்டார். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றேன்.

நவம்பர் 27, வியாழன்

இன்று பெரிய டாக்டரம்மா வந்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டே, "வீட்ல புறா வளர்க்கறீங்களாம்மா?" என்று கேட்டார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

"இல்லீங்க டாக்டர். தெருவுல யார்னா வெச்சிருப்பாங்க."

டாக்டரம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். வராண்டாவுக்கு வரச்சொன்னார். புறாவின் எச்சத் தூசி, இறகுத் தூசி சில பேர் நெஞ்சுக்குள் போய் வேலையைக் காட்டும், வருஷக்கணக்கில் காட்டும் என்றார்.

"புறா வளர்க்கற எல்லாருக்குமா டாக்டர்?"

"எல்லாருக்கும் வராது. அதே தூசியைத்தான் எல்லாரும் சுவாசிக்கறாங்க. சில பேர் உடம்பு தாங்கிடும், சில பேருக்குத் தாங்காது. பிறவியிலேயே அந்த வித்தியாசம் இருக்கும். வெளியில பாத்தா தெரியாது."

"இப்ப அதுங்கள வித்துட்டா சரியாயிடுமா?" என்று கேட்டேவிட்டேன். இல்லை என்று சொன்னவள் கேட்கிற கேள்வியா இது.

அவர் கோபிக்கவில்லை. "நாலஞ்சு வருஷம் முன்னாடி கேட்டிருக்கணும்மா" என்றார். நுரையீரல் முற்றிய பீர்க்கங்காய் மாதிரி நாராகிவிட்டதாம்.

நிஜாம் பாய்க்கு முப்பது வருஷத்தில் ஒரு தும்மல் கிடையாது. கூண்டுக்குள்ளேயே தூங்குவார். நானும் தினமும் கழுவுகிறேன், எனக்கு ஒன்றுமில்லை. இவர் ஒருத்தர் நெஞ்சுதானா கிடைத்தது?

நவம்பர் 28, வெள்ளி

இன்று பைரி வந்தபோது விரட்டக் கழியை எடுக்கவில்லை. எல்லாவற்றையும் தின்று தொலை என்று நின்றேன். ஒன்றைத் தின்றது. அதற்குப் பிறகுதான் எடுத்தேன்.

டிசம்பர் 4, வியாழன்

கார்த்திகை தீபம். மாடியிலும் இரண்டு அகல் வைத்தேன்.

வெள்ளையன் நேற்றுப் போய்விட்டான். எழுத மனசில்லாமல் நேற்று எழுதவில்லை. இனி வெள்ளையில் ராஜாத்தி என்கிற பெட்டையும் இன்னும் இரண்டும்தான். வெள்ளை வெள்ளையாகவே பொறுக்குகிறது, கவனித்துவிட்டேன். வெள்ளைதான் அதன் கண்ணைக் குத்துகிறது.

அதனால் இன்று ஒரு காரியம் செய்தேன். அவருடைய தலைமுடி டை பாக்கெட் இரண்டு அலமாரியில் இருந்தது. முழு வெள்ளைக்குப் பூசினால் குளிரில் செத்துவிடும். துண்டுக்காரன்களுக்கு மட்டும் அந்த இடுப்புப் பட்டையில் டை அடித்துவிடலாமே என்று தோன்றியது. மிச்சம் இருப்பதில் அதுகள்தான் அதிகம். ஒன்றரைக் கர்ணம் என்றாலும் அதுகளும் போடுகின்றன, தூரத்துக்குத் தெரியவா போகிறது? தவிர, அவர் வீட்டுக்கு வந்து மாடியேறினால் இடுப்புல துண்டு என்று கத்தமாட்டார்.

கிண்ணத்தில் கரைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் பூசினேன். என் கை, புடவை, தரை எல்லாம் கறுப்பு. ஒருத்தன் மட்டும் மாட்டவில்லை. கையைக் கொத்தி, இறக்கையால் முகத்தில் அறைந்து, விரலிடுக்கில் நழுவித் தண்ணித் தொட்டி மேல் போய் உட்கார்ந்துகொண்டான். அவனுக்குப் பிடாரி என்று பெயர் வைத்துவிட்டேன். போடா, உன்னைத்தான் முதலில் தின்னும் என்று திட்டினேன்.

டிசம்பர் 8, திங்கள்

டை அடித்ததில் ஒன்று போச்சு.

டிசம்பர் 10, புதன்

டை அடித்ததில் இன்னொன்று.

இரண்டு ஸ்பூன் கஞ்சி. குழாயை எடுத்துவிட்டு முகமூடி போட்டிருக்கிறார்கள். மூக்குக் காயாமல் இருக்குமாம், நல்லதுதான்.

டிசம்பர் 13, சனி

எழுத்து கோணுகிறது. பரவாயில்லை.

இன்று பைரி பிடாரியைத் துரத்தியது. தலைக்கு நேர் மேலே நடந்ததால் முழுக்கப் பார்த்தேன். பின்பக்கமிருந்து அடித்துக்கொண்டு வந்தது. பிடாரி ஓடினான், ஓடும்போது அந்த இடுப்புத் துண்டு வெயிலில் பளீரென்றது. பைரி அதையே குறிவைத்து இறங்கியது. கிட்டே வந்தபோது பிடாரி ஒரு பக்கமாக இறக்கையைச் சாய்த்தான். பைரி நேரே போய்விட்டது, வெள்ளை இருந்த இடத்துக்கு. இவன் அதற்குள் வேறு பக்கம்.

பின்னாலிருந்து வருகிறவனுக்கு அந்த வெள்ளை ஒன்றுதான் கண்ணில் நிற்கிறது. இறக்கை சாய்வதை அவன் பார்ப்பதில்லை. பார்க்கும்போது ஆள் இல்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாசமாக எத்தனை போயிருக்கிறது! ஆனால் நான் டையைத் தொடுகிற வரைக்கும் துண்டுக்காரன்களில் ஒருத்தன் போனதுண்டா? ஒருத்தன்? புறாவிலே கேடு கெட்டது என்று நாங்கள் சந்தைக்கு அனுப்பினோமே, அந்தத் துண்டுதான் அவற்றின் உயிர்க்காப்பு. அதை நான் என் கையால், பல் பிரஷ்ஷால், தேடித் தேடி அழித்துவிட்டு வந்திருக்கிறேன். அடிப்பாவி, பவுனு.

மிச்சமிருந்த இரண்டையும் பிடித்து சோப்புப் போட்டுத் தேய்த்தேன். அது போகிற சாயமா? பாக்கெட்டில் ஆறு வாரம் நிற்கும் என்று போட்டிருக்கிறான். இந்த ஒன்றில் மட்டும் நாணயமான கம்பெனி.

டிசம்பர் 21, ஞாயிறு

ஒரு வாரமாகப் பிடாரியையும் ராஜாத்தியையும் மட்டும்தான் பறக்கவிடுகிறேன். அவர் கேட்டால் சொல்ல ஆயிரம் பொய் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

கட்டிலில் உட்கார்ந்ததும் முகமூடியைக் கொஞ்சம் தூக்கி, "பைரி வந்துக்கீது இல்ல?" என்றார்.

போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"கண்ணு அவிஞ்சா பூட்ச்சி எனக்கு? கூட்டம் தேயறது தெரியல? நீ வந்து சொல்லுவ சொல்லுவன்னு பாத்தேன். நீ பாட்டுக்கு சூப்பரு சூப்பருன்ற. சரி, அய்வாதம்மே. இன்னா மிச்சம்?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வெள்ளையன் போனது, மழையென்று பொய் சொன்னது, டை.

"என் டையையா?" என்றார். சிரிக்கப்போய் இருமல் பிடித்துக்கொண்டது. நெஞ்சைத் தடவிவிட்டேன். வெகுநேரம் ஆனது அடங்க.

"தப்பிக்கிறவன் யாரு? அத்த சொல்லு."

சொல்லப் பயமாக இருந்தது. "இடுப்புல துண்டு கட்டுனது" என்றேன்.

முகம் அதே மாதிரி மாறியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அவராகவே ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் நான் கேட்காத கதை. மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்.

மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் அவர்கள் ஊர். ஆண்டை எதிரில் வந்தால் இவங்க ஆட்கள் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும். இவருடைய சித்தப்பன் ஒரு நாள் கட்டவில்லை. தோளில் போட்டுக்கொண்டே நடந்தார். மரத்தில் கட்டி அடித்தார்கள். பிழைக்கவில்லை.

"தம்பிய பொதச்ச மறுநாளு எங்கப்பன் இன்னா பண்ணான் தெரியுமா? அதே ஆண்டை முன்னாடி இடுப்புல துண்ட கட்டிக்கினு நின்னான். 'சரிங்க ஆண்டே, களத்துக்குப் போறேன் ஆண்டே'ன்னு. எங்கம்மா சொல்லுச்சு எனக்கு. அத்த கேட்ட அன்னிலேந்து அந்தாள் மூஞ்சிய நான் சரியா பாத்ததில்ல, பவுனு. சாவற வரைக்கும்."

"களத்துக்குப் போனாரா?"

"எங்க போனான். அப்டியே ரயில்வே ஸ்டேசனுக்கு நடந்துட்டான். எங்கம்மா அங்க நின்னுக்கினு இருந்துச்சு, வயித்துல நான். மெட்ராசுக்கு வந்துட்டாங்க."

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. நோயாளியிடம் கத்தக் கூடாது என்று தெரியும், கத்திவிட்டேன்.

"யோவ், அப்ப அவரு எங்கய்யா பணிஞ்சாரு? பிடாரி இன்னா பைரிக்குக் கும்பிடா போடறான்? அவன் பாக்கறதுக்குன்னு ஒண்ண காட்டறான், அவன் அதயே பாத்துக்கினு வரான், இவன் நழுவிப் பூடறான். உங்கப்பாரு காட்டிட்டு நழுவுனாருய்யா! ஆண்டை துண்டத்தான் பாத்துக்கினு இருந்தான், இவரு கால பாக்கல. இல்லாங்காட்டி நீ ஏது, நான் ஏது, உன் கர்ணப் புறா ஏது?"

வார்டே எங்களைப் பார்த்தது. அவர் கண்ணிலிருந்து வழிந்து முகமூடி ரப்பருக்குள் போனது. நான் துடைத்துவிட்டேன்.

கிளம்பும்போது கையைப் பிடித்தார். "கய்வாத பவுனு. சாயம் போவாது. அந்த எறகப் புடுங்கி வுடு."

"இன்னாது?"

"டை அடிச்ச எறகு அல்லாத்தையும் புடுங்கிடு. சும்மா உட்டா அடுத்த ஆடிக்குதான் உதுரும். புடுங்குனா நாலு வாரத்துல புதுசு மொளைக்கும். வெள்ளயா." மூச்சு வாங்கினார். "அதுங்களுக்குத் துண்டு மொளைக்கட்டும்."

டிசம்பர் 22, திங்கள்

பிடுங்கிவிட்டேன். என்னைக் கொத்திக் குதறிவிட்டன. வெந்நீரில் மஞ்சள் போட்டுத் துடைத்து, கம்பும் சோளமும் தாராளமாக வைத்துக் கூண்டுக்குள் வைத்திருக்கிறேன். பார்க்க அசிங்கமாக இருக்கின்றன, கோயிலில் மொட்டை போட்ட குழந்தைகள் மாதிரி.

டிசம்பர் 29, திங்கள்

ராஜாத்தியும் போய்விட்டாள். மற்ற இரண்டு வெள்ளையை நிஜாம் பாய் கூண்டில் விட்டுவிட்டேன். இனி மேலே போகிறவன் பிடாரி ஒருத்தன்தான்.

நிஜாம் பாய் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்ததும் பாய் சுவரில் சாய்ந்துகொண்டு, "ஒரே கூண்டுல ஒண்ணா தூங்குனோம் தங்கச்சி. எனக்கு ஏன் வரல?" என்று அழுதார். என்னத்தைச் சொல்ல. பாய் உடம்புக்குள் ஏதோ ஒரு துண்டு இருக்கிறது, இவருக்குள் இல்லை. அதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஜனவரி 6, செவ்வாய்

இன்று பார்வை நேரத்துக்கு முன்னாலேயே நர்சம்மா போன் செய்தாள். பதறி எடுத்தால், "பாட்டிம்மா, தாத்தா உங்ககிட்ட பேசணும்னு ஒரே அடம்" என்றாள்.

"பாத்தியா?" என்றார். ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு. "பைரி எறங்குச்சு. நம்மாளு நழுவிட்டான். நழுவிட்டு, மேல போய் ஒரு கர்ணம் போட்டான் பவுனு. சும்மா. வேணும்னே."

"பாத்தேன்யா, நானும் மாடிலதான நிக்கறேன்."

"எங்கப்பன் மாரியே" என்றார்.

பிடாரிக்கு இன்று பொட்டுக்கடலை வைத்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

பிடுங்கின இடத்தில் முள் முள்ளாக முளைத்திருக்கிறது. நுனியில் வெள்ளை தெரிகிறது. அவரிடம் சொன்னேன். கேட்டாரா என்று தெரியவில்லை. விரலை அழுத்தின மாதிரி இருந்தது.

கரும்பு வாங்கவில்லை. அவர் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

ஜனவரி 14, புதன்

போகி. விடியாமலே தெருவெல்லாம் டயரைக் கொளுத்திவிட்டார்கள். கத்தித் தீர்த்தேன், யார் கேட்கிறார்கள்? எதிர்வீடு தெரியவில்லை. டவர் தெரியவில்லை. வானம் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

நேரமானதும் மாடியேறினேன். இந்தப் புகையில் ஜன்னலிலிருந்து அவருக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் பிடாரியைத் திறந்துவிட்டேன். புகைக்குள் போனான். இறக்கைச் சத்தம் மட்டும் சுற்றிச் சுற்றிக் கேட்டது. கழியை ஆட்டிக்கொண்டே இருந்தேன். கீழே போன் அடித்தது. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. இறங்கிப் போய் எடுக்காமல் இன்னும் கொஞ்சம் ஆட்டினேன்.

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கலன்றுதான் எடுத்தோம்.

எண்ணூரிலிருந்து மகள் கஸ்தூரி வந்தாள், மாப்பிள்ளை வந்தார். குளிப்பாட்டி வேட்டி கட்டியதும், சலவைத் துண்டு ஒன்றை நானே எடுத்து அவர் தோளில் போட்டேன். மாலை போட்டவர்கள் நகர்த்தப் பார்த்தார்கள், கையைத் தட்டிவிட்டேன். அவர் துண்டு தோளில்தான் போகும்.

பாடையைத் தூக்கும் நேரம் வந்தது. தெரு ஆம்பிளைகள் எல்லாரும், மாப்பிள்ளை, நிஜாம் பாய், துறைமுகத்து ஆட்கள், ரமணியம்மா வீட்டுக்காரர் வரைக்கும், தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்கள். செத்தவருக்குச் செய்கிற மரியாதை, ஊர் வழக்கம்தான். எத்தனை சாவில் பார்த்திருப்பேன். அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது. இந்த மனுஷனுக்குப் போயா? யாருக்கும் கட்டாதவருக்கு, அவர் கண்ணெதிரில், தெருவே கட்டி நிற்கிறதே!

பொம்பளைகள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். நின்றேன். அவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுகள். முதுகுக்குக் கீழே வரிசையாக, ஒவ்வொருத்தன் இடுப்பிலும் குறுக்கே வெள்ளை, வெயிலில் பளிச் பளிச்சென்று.

என்னை அறியாமல் சத்தம் போட்டுவிட்டேன்.

"காட்டிட்டு நழுவிடுங்கடா! அல்லாரும் நழுவிடுங்க! ஒருத்தனும் அவன் கைல மாட்டாதீங்க!"

கஸ்தூரி என் வாயைப் பொத்தினாள். அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். சொல்லட்டும்.

இன்று காலை மாடிக்குப் போனேன். கூண்டில் இருந்த இரண்டுக்கும் துண்டு முளைத்துவிட்டது. கையில் எடுத்து இறக்கையை விலக்கிப் பார்த்தேன், சோழி மாதிரி வெள்ளை. பிடாரியோடு சேர்த்துத் திறந்துவிட்டேன். மூன்றும் எழும்பின. டவரிலிருந்து அதுவும் கிளம்பியது.

ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் மூன்றாம் மாடியில் அந்த ஜன்னல் தெரிகிறது. இந்நேரம் அங்கே வேறு யாரையாவது படுக்கவைத்திருப்பார்கள். அவராவது பார்க்கட்டும் என்று கழியை எடுத்து ஆட்டினேன்.